தப்புங்க சாமி

"நெசத்தைச் சொல்லுடி. என் மவன் திருடினானா?"

சென்னம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு மருமகளை நேராகப் பார்த்தாள். கோர்ட்டுக் கச்சேரியிலிருந்து அப்போதுதான் நடந்து வந்த பாஞ்சாலி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லீங்க அத்தே."

"அப்பறம் எதுக்கு நாலு மாசம் போட்டாங்க?"

"மாட்டைத் திருடினியான்னு மேஜிஸ்ட்ரேட்டு கேட்டாரு. இவரு கையைக் கட்டிக்கிட்டு 'தப்புங்க சாமி'ன்னாரு."

"அது எல்லாரும் சொல்றதுதானே? மேல என்ன சொன்னான்?"

"மேல சொல்ல உடல."

கம்பைநல்லூருக்குத் தெற்கே அந்தச் சேரியில் பிறந்தவர்கள் பேச்சைத் தொடங்குவது அப்படித்தான். மணியக்காரர் வாசலில் கூலி கேட்கப் போனாலும் சரி, சாவு சொல்லப் போனாலும் சரி, முதலில் "தப்புங்க சாமி" என்று குனிய வேண்டும். பிறகுதான் விஷயம். பாஞ்சாலியின் புருஷன் வீரனும் அப்படித்தான் தொடங்கினான். மணியக்காரரின் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு தன் கொல்லைக்கு வந்ததையும், அதைக் கட்டிப் போட்டுவிட்டுச் சொல்லப் போன வழியில் அவருடைய ஆட்கள் மடக்கியதையும் அடுத்ததாகச் சொல்ல இருந்தான். அதற்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியாயிற்று. அவனுக்காக அமர்த்திய வக்கீல் வாயே திறக்கவில்லை.

பாஞ்சாலிக்கு அழுகை வரவில்லை. மறுநாள் களை வெட்டப் போனாள். அதற்கடுத்த வாரம் சேலத்துக்குப் போனாள். சவுரியப்பன் என்ற வக்கீல் சேரி ஜனங்களை உள்ளே கூப்பிட்டுப் பேசுவார் என்று மிஷன் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் ஒருத்தி சொல்லியிருந்தாள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருஷம் அது.

"முதல் வக்கீல் உன் புருஷன்கிட்ட என்னம்மா கேட்டார்?"

"அவரு ஒண்ணும் கேக்கலீங்க. எங்களைப் புளியமரத்தடியில நிக்கச் சொல்லிட்டு குமாஸ்தாவை அனுப்பினாரு. கிட்ட வந்தா தீட்டுங்களாம்."

"குமாஸ்தா கேட்டாரா?"

"அவரும் எட்டத்தான் நின்னாருங்க. நாங்க சொன்னது காதுல உழுந்துச்சோ என்னமோ."

சவுரியப்பன் மேல் கோர்ட்டில் மனுப் போட்டார். ஜாமீன் கிடைக்கவில்லை. மனு விசாரணைக்கு வருவதற்குள் வீரன் நாலு மாதத்தையும் கழித்துவிட்டு, ஒட்ட வெட்டிய தலையுடன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

மனு விசாரணையன்று பழைய வக்கீலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

"'தப்புங்க சாமி' என்றால் என்ன?" சவுரியப்பன் கேட்டார்.

"சேரி ஆளுங்க சொல்ற மரியாதை."

"உங்க வீட்டு வாசல்லயும் சொல்வாங்களா?"

"தினமும் சொல்வாங்க."

"அப்போ அவன் குற்றத்தை ஒத்துக்கலேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் எழுந்து சொல்லலே?"

வக்கீல் உண்மையாகவே யோசித்தார். "தினமும் கேக்கற பேச்சு. அன்னைக்கு வித்தியாசமா ஒண்ணும் படல."

தண்டனை ரத்தாயிற்று. வழக்கை முதலிலிருந்து நடத்தும்படி உத்தரவாயிற்று.

வெளியே வந்ததும் சவுரியப்பன் வீரனிடம் சொன்னார். "இப்ப நீ ஒத்துக்கிட்டா, கழிச்ச நாளோட முடிஞ்சுடும். திருடன்ங்கற பேரு மட்டும் நிக்கும். மறுத்தா கேஸ் நடக்கும். தோத்தா மறுபடியும் ஜெயில்."

"அனுபவிச்சது போதாதா? ஒத்துக்கிட்டு வூட்டுக்கு வாடா சாமி," என்றாள் சென்னம்மாள்.

வீரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஞ்சாலி அவனைப் பார்த்தாள்.

அதே கச்சேரி. அதே மேஜிஸ்ட்ரேட்.

"மணியக்காரர் மாட்டைத் திருடினாயா?"

வீரனின் கைகள் தாமாகவே மார்பில் கட்டிக்கொண்டன. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அந்த ஒரு சொல்லை விட்டால் வேறு எப்படித் தொடங்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை என்பது, கதவோரம் நின்ற பாஞ்சாலிக்கு அப்போதுதான் புரிந்தது. யாரும் அவனுக்கு வேறு சொல் கொடுத்ததில்லை.

"உன்னைத்தான்டா கேக்கறாங்க," என்றான் கச்சேரிச் சேவகனான டபேதார்.

"இல்ல," என்றான் வீரன்.

"இல்லீங்கன்னு சொல்லுடா!"

வீரன் திரும்பி அவனைப் பார்த்தான். பார்வையில் கோபம்கூட இல்லை. கட்டியிருந்த கைகள் பிரிந்து தொங்கின.

"இல்ல."