மூன்று ஆட்டம் ஆடிவிட்டு வா

நைரி செய்தது கொலைக்குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ‘பகடைக் கூடம்’ இணையக் குழுவில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பலகை விளையாட்டு உருவாக்குகிறவர்கள் கூடும் இடம் அது. டார்கவில் என்ற ஊரில் இருக்கும் இவோ யெலிச், தான் புதிதாகச் செய்த சர்க்கரைவள்ளி அறுவடை ஆட்டத்தின் படத்தைப் போட்டு, “யாராவது ஆடிப் பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டிருந்தார். அதன் கீழேயே நைரி, “அருமை! என் பெங்குவின் ஆட்டத்தையும் பாருங்க” என்று எழுதி, தன் நிதி திரட்டும் பக்கத்தின் லிங்கை ஒட்டிவிட்டாள். அடுத்த வீட்டுக் கல்யாணப் பந்தலில் நின்று தன் பெண்ணுக்கு வரன் கேட்ட கதைதான்.

அவளுக்கு அவசரம். அவள் ஊரான ஓமாருவின் கடற்கரையில் அந்தி சாய்ந்ததும் கரையேறி, கார்களுக்கு நடுவே சாலையைக் கடந்து, வீடுகளுக்கு அடியில் போய் அடையும் குட்டிப் பெங்குவின்களை வைத்து இரண்டு வருடம் உழைத்துச் செய்த ஆட்டம். முந்நூறு பேர் முன்பணம் கட்டி ஆதரித்தால் அச்சாகும். ஒருவர் குறைந்தாலும் எல்லாம் ரத்து. பத்து நாள்தான் பாக்கி. சேர்ந்திருந்தவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர்.

ஒரு மணி நேரத்தில் லிங்க் காணாமல் போயிருந்தது. குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஃபெர்கஸ், ஹோபார்ட் நகரத்திலிருந்து எழுதியிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க நைரி. சொந்த ஆட்டத்தைக் கடைத்தெருப் பகுதியிலதான் போடணும். சனிக்கிழமை மட்டும், அதுவும் ஒரே தடவை. அதுக்கு முன்னாடி மத்தவங்க ஆட்டம் மூணு ஆடிப் பார்த்து எழுதியிருக்கணும். ரெண்டு வருஷமா இங்க இருக்கீங்க, ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே?”

நைரிக்குச் சுருக்கென்றது. உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம்.

“பெரிய நாட்டாமை! எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரு” என்று கணவன் ஸ்டூவிடம் பொரிந்து தள்ளினாள்.

“மூணு ஆட்டம் ஆடுறதுக்கு உனக்கு எங்க வலிக்குது?” என்றான் அவன், மீன் வறுவலை மென்றபடி.

அன்றே மூன்று பேருக்கு “சூப்பர்”, “பிரமாதம்”, “கலக்கிட்டீங்க” என்று எழுதிப் போட்டாள். “ஆடாம எழுதினா எங்களுக்குத் தெரியாதா?” என்று ஃபெர்கஸ் கேட்டுவிட்டார். முதல் சனிக்கிழமை கைவிட்டுப் போயிற்று.

வேறு வழியில்லாமல், மற்றவர்கள் குழுவில் போட்டிருந்த ஆட்ட அட்டைகளை அச்செடுத்து, கத்திரிக்கோலால் வெட்ட உட்கார்ந்தாள். முதல் இரண்டு ஆட்டங்களையும் ஸ்டூவோடு சண்டை போட்டுக்கொண்டே ஆடியதில், தன் ஆட்டத்துக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்க்கவே மறந்துபோனாள். மூன்றாவதாக இவோவின் ஆட்டத்தை எடுத்தாள், செய்த தப்புக்கு ஈடாக இருக்கட்டுமே என்று. அங்கேதான் வந்தது வினை. டிராக்டர் அட்டை யாரிடம் போகிறதோ அவர்தான் ஜெயிக்கிறார். ஏழு தடவை ஆடினார்கள். ஏழு தடவையும் அதே.

“இதைச் சொன்னா மனுஷன் நொந்துருவாரு. ஏற்கெனவே என் மேல கடுப்புல இருப்பாரு.”

“சொல்லாம விட்டா, அச்சடிச்சப்புறம் ஊரே சொல்லும். உன் பெங்குவின்ல ஓட்டை இருந்தா உனக்கு யாரும் சொல்ல வேணாமா?”

நைரி எழுதினாள். டிராக்டருக்கு டீசல் அட்டையும் வேண்டும் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதைக்கூட ஆடிப் பார்த்து எழுதினாள். இவோவிடமிருந்து பதிலே வரவில்லை. நான்கு நாள் குழுவைத் திறந்து திறந்து பார்த்தாள்.

கடைசி நாள், சனிக்கிழமை, கடைத்தெருவில் நான்கு வரி எழுதி லிங்கைப் போட்டாள். அப்போது சேர்ந்திருந்தவர்கள் இருநூற்று முப்பத்தொன்று. மதியம் இருநூற்று முப்பத்தாறு. இரவு எட்டு மணிக்கு நிதி திரட்டும் பக்கத்தை மூடிவிடுவார்கள். நைரி நம்பிக்கையை விட்டுவிட்டாள்.

நான்கு மணிக்கு அவளுடைய பதிவின் கீழே இவோ வந்தார்.

“இந்த அம்மா என் ஆட்டத்தை ஏழு தடவை ஆடி, ஓட்டையைக் கண்டுபிடிச்சு, அடைக்க வழியும் சொன்னாங்க. நாலு நாளா அதைத்தான் சரி பண்ணிட்டிருந்தேன், பதில் எழுதக்கூட தோணலை. அடுத்தவன் ஆட்டத்துக்கே இவ்வளவு மெனக்கெட்டவங்க, சொந்த ஆட்டத்தை எப்படிச் செஞ்சிருப்பாங்க? நான் சேர்ந்துட்டேன். நீங்க?”

அதற்கப்புறம் ஸ்டூ எண்ணிக்கையைச் சத்தம் போட்டு வாசிக்க, வாசிக்கும் முன்பே அது மாறியது. ஏழு இருபதுக்கு முந்நூறு. நைரி சமையலறையிலேயே நின்று அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து குழுவைத் திறந்தாள். பெயர் தெரியாத யாரோ ஒருவர் தன் முதல் ஆட்டத்தைப் போட்டு, ஆடிப் பார்க்க ஆள் கேட்டிருந்தார். கீழே ஒருவரும் இன்னும் எழுதவில்லை.

“ஸ்டூ, அந்தக் கத்திரிக்கோலை எங்க வெச்சே?” என்றாள் நைரி.