கடைசிப் பக்கத்தில் கை வைக்கிற ஆள்

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் சுந்தரபாண்டி கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினான். பதினாலு வருசம் திருச்சுழிப் பக்கம் விறகைக் கரியாக்கும் மூட்டத்தில் கரி மூட்டை தூக்கியவன். மூட்டையின் வாயில் முழங்கைத் தண்டிக்குக் கட்டைக்கரியாய் நிற்கும். கவிழ்த்துக் கொட்டினால் அடியில் பாதி தூளும் மண்ணும். வாயைப் பார்த்து வாங்கினவன் வாயில் மண்ணுதான்.

"அண்ணே, இது நாலாவது புஸ்தகம். பொண்ணு பாக்க வாரவுககூட இம்புட்டு யோசிக்க மாட்டாக," என்றாள் கடைக்காரி முருகலட்சுமி. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் கடை.

அவன் சிரிக்கவில்லை. முதுகில் ஜவ்வு விலகி நாலு மாசமாகிறது. இனி மூட்டை தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரையில் ஒரு கம்பெனி பன்னிரண்டாவது படித்தவர்களையும் எடுக்கிறது. பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி தெரிந்திருக்க வேண்டும். பரீட்சைக்கு இன்னும் நாற்பது நாள். இரண்டு மாசத்துக்கு முன்னாலும் ஒரு புத்தகம் வாங்கிப் படித்து அதே பரீட்சைக்குப் போனான். கேள்வியைப் பார்த்து மரம் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். தன் மண்டையில் களிமண் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். இந்தத் தடவையும் தவறினால் மறுபடி மூட்டைக்குத்தான் முதுகைக் கொடுக்கணும்.

"இந்தத் தடிப் புஸ்தகத்த எடுங்கண்ணே. ஆரம்பத்துல இருந்து சொல்லித் தருது."

தடிப் புத்தகம் என்றால் லாபமும் தடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வரிகூடப் புரியவில்லை. வைத்துவிட்டு ஒல்லியான ஒன்றை எடுத்தான். அதன் கடைசிப் பக்கம் தண்ணீர் மாதிரி புரிந்தது.

"இதான். அடி வரைக்கும் சுத்தம்."

கூட வந்திருந்த அவன் பெண்டாட்டி நாகஜோதி அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, போன தடவையும் இப்படித்தான் பாத்து வாங்குனீகளோ?"

"பின்ன?"

"படிக்காமலே கடைசிப் பக்கம் புரியுதுன்னா, அதுல படிக்க என்னங்க இருக்கு? ஒண்ணாப்புப் பய பன்னெண்டாப்புக் கணக்க எடுத்து, புரியலன்னு தள்ளுன கதையால்ல இருக்கு."

முருகலட்சுமி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்குக் காது சுட்டது. ரெண்டு பேரும் கூட்டு என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் போன புத்தகத்தைப் பத்தே நாளில் முடித்ததும், எங்கேயும் முட்டாமல் போனதும் நினைவுக்கு வந்தன. முட்டாத வேலை ஒன்றை அவன் பார்த்ததே கிடையாது.

தடிப் புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்தான். அதிலிருந்த மூன்று வரியை, போன பரீட்சைக்காகப் போனில் ஏற்றியிருந்த பைத்தான் ஆப்பில் எழுத்து எழுத்தாய் அடித்து ஓட விட்டான். திரை முழுக்கச் சிவப்பாய் வந்தது.

"பாத்தியா! முதல் பாடமே ஓட்டை. இதத்தான் என் தலையில கட்டப் பாத்தியா?"

"பக்கத்தத் திருப்பிட்டுக் கத்துங்கண்ணே," என்றாள் முருகலட்சுமி.

திருப்பினான். 'சிவப்பு எழுத்து வந்ததா? தெரிந்தேதான் தப்பாகக் கொடுத்தோம். தப்பு எந்த வரியில் என்று அந்தச் சிவப்பே சொல்லும். தேடுங்கள்.'

மூன்று தடவை படித்தான். தன் சரக்கில் உள்ள தூளைத் தானே அள்ளிக் காட்டுகிற வியாபாரி எந்த ஊர்க்காரன்? இதில் என்ன உள்குத்தோ என்று மறுபடி போனைப் பார்த்தான். சிவப்புக்குள் ரெண்டாவது வரி என்று இருந்தது. அந்த வரியில் வந்த ஒரு பெயருக்கு முதல் வரியில் மதிப்பே கொடுக்கவில்லை. கொடுத்தான். சிவப்பில்லாமல் ஓடியது.

நாகஜோதி பையிலிருந்து பர்ஸை எடுத்தாள்.

"இருடி. அவசரப்படாத. அடுத்த பாடத்தையும் பாத்துருவோம்," என்றவன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்காரியிடம் திரும்பினான். "ஏத்தா, ஒரு ஸ்டூல் இருந்தாப் போடு."