சமையல்கட்டுக்குப் பின்னால் எடுத்த படம்

யுவராணி கையில் கேமரா வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் பெயர் பதியும் மேசையில் உட்காருகிறவள் அவள். கூட வேலை பார்த்த ஒருத்தி துபாய்க்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன கேமரா அது. முதல் மாதம் வீட்டு முருங்கை மரத்தையும் அதில் உட்காரும் காக்கையையும் எடுத்தாள். காக்கை சலித்துப்போய் வேறு மரம் பார்த்துக்கொண்டது. பிறகுதான் மனிதர்கள் பக்கம் திரும்பினாள்.

மனித முகம் அவளுக்குப் புதிதல்ல. ஒரு நாளைக்கு எண்பது பேர் அவள் மேசைக்கு எதிரே காத்துக் கிடப்பார்கள். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் எல்லோரும் முகத்தைச் சரிசெய்துகொண்டு எழுவார்கள். அதற்கு முந்தின நொடியில் இருப்பதுதான் உண்மையான முகம் என்பது அவள் கண்டுபிடிப்பு. அதைப் படம் பிடிப்பதற்கு கேண்டிட் என்று பெயர் என யூடியூபில் ஒரு தாடிக்காரர் சொன்னபோது, இதற்குப் போய் ஒரு பெயரா என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய மூத்த அக்கா முருகம்மாளின் மகன் மதன்குமாருக்கு உத்தமபாளையத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். நானும் படம் எடுக்கிறேன் என்று யுவராணி சொன்னதற்கு முருகம்மாள் தாராளமாகச் சம்மதித்தாள். சாப்பிடும்போது மட்டும் தன்னை எடுக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

காலை ஒன்பது மணிக்குள் இருநூறு படம் தேறிவிட்டது. ஓமப் புகைக்கு முன்னால் மாப்பிள்ளை வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது ஒன்று. ஐயர் மந்திரத்துக்கு நடுவே போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தது ஒன்று. தாம்பூலத் தட்டிலிருந்த ஆறு வாழைப்பழங்களை ஒரு சித்தி தன் பைக்குக் குடிமாற்றியதை மட்டும் தொடர்ச்சியாக எட்டுப் படம் எடுத்திருந்தாள். மணப்பெண் திரிஷா எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் ஒட்டியாணத்தைச் சபித்த முகம் அவற்றிலெல்லாம் அருமை.

கூலிக்கு வந்த போட்டோகிராபர் ஜாஸ்பர் ராயப்பன்பட்டிக்காரன். பொறுமைசாலிதான். ஆனாலும் நாலாவது முறையாக யுவராணியின் முதுகு அவன் படத்துக்குள் வந்தபோது, அக்கா, நீங்க கல்யாணத்த எடுக்குறீகளா, நான் உங்கள எடுக்குறேனா என்று கேட்டுவிட்டான். அதனால்தான் அவள் மேடையை விட்டு இறங்கிக் கொல்லைப் பக்கம் போனாள்.

இந்த இடத்தில் அவளுடைய அண்ணன்கள் இருவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெரியவர் வேலுச்சாமி, சின்னவர் சுந்தர்ராஜ். சுருளிப்பட்டிப் பக்கம் அடுத்தடுத்த திராட்சைத் தோட்டம், இரண்டுக்கும் ஒரே கிணறு. ஒன்பது வருசத்துக்கு முன்னால் அண்ணனுடைய தண்ணீர் முறை நாளில் தம்பி மோட்டாரைப் போட்டுவிட்டார், மோட்டாரின் காயில் கம்பி கருகிவிட்டது. நீ கருக்கினாய், இல்லை அது ஏற்கெனவே கருகித்தான் இருந்தது என்று ஆரம்பித்தது, பேச்சு வார்த்தை கிடையாது என்று முடிந்தது.

அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் எல்லாமே இரண்டானது. பத்திரிகை வைக்க இரண்டு நடை. பொங்கலுக்கு யுவராணி காலையில் ஒரு வீட்டிலும் மதியம் ஒரு வீட்டிலும் தின்று, சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புவாள். இந்தக் கல்யாணத்துக்கும் தாய்மாமன் சீர் இரண்டு வேனில், அரை மணி இடைவெளி விட்டு வந்தது. மேளக்காரர்கள் தெருமுனைக்கு இரண்டு முறை நடந்தார்கள். பெரியவர் பட்டம் கட்டுவது, சின்னவர் மோதிரம் போடுவது என்று முருகம்மாள் ஐ.நா. சபை மாதிரி பிரித்துக் கொடுத்திருந்தாள்.

இதில் நிஜமாக அடிபட்டவர்கள் மனைவிமார்கள்தான். பெரிய மதினி ஜோதிலட்சுமியும் சின்ன மதினி மாரீஸ்வரியும் ஒரே வருசத்தில் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள். ஒரே தட்டில் தின்றவர்கள். புருசன்மார் பேசாததால் அவர்களும் பேசவில்லை. மாரீஸ்வரியின் அம்மா இறந்தபோது ஜோதிலட்சுமி வீட்டுக்குள் வர முடியாமல் தெருமுனையில் நின்று அழுதுவிட்டுப் போனதை யுவராணி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

சமையல்கட்டுக்குப் பின்னால் வெந்நீர் அண்டா, விறகு, வாழையிலைக் கட்டுகள். ஆவியில் வெளிச்சம் நன்றாக விழுந்தது. யுவராணி கேமராவைக் கண்ணில் வைத்தாள். இலைக்கட்டுக்கு அந்தப் பக்கம் கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கிரேட் மேல் பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார். தலையை அண்ணாந்து, வாயையும் சேர்த்துத் திறந்து வைத்திருந்தார். அவர் தாடையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தவர் சின்னண்ணன்.

பெரியவருக்கு மூன்று வாரம் முன்புதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. சின்னவர் மருந்து விட்டு, கர்ச்சீப்பால் கன்னத்தை ஒற்றி, இமையை மூடச் சொல்லி, மூடியைத் திருகி பாட்டிலைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். பெரியவர் கண்ணை மூடியபடி ஏதோ சொல்ல, இருவரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். யுவராணியின் விரல் தன்போக்கில் பதினோரு படம் எடுத்துவிட்டது.

 முதலில் அவளுக்கு நெகிழ்ந்து போய் அழுகை வரப் பார்த்தது. திரும்பி நடந்து மண்டபத்துக்குள் நுழைவதற்குள் அது கோபமாகிவிட்டது. அந்தக் கை முதல் தடவை மருந்து விடும் கை இல்லை. அது பழகின கை. அப்படியென்றால் தான் தின்ற இரட்டைப் பொங்கல்களுக்கெல்லாம் யார் பதில் சொல்வது?

அந்த நேரம் பார்த்து மாரீஸ்வரி எதிரே வந்தாள். மோதிரம் போடும்போது தன் புதுப் பட்டின் முந்தி படத்தில் விழுந்ததா என்று பார்க்க வேண்டுமாம். மற்ற நாளாக இருந்தால் யுவராணி தானே பட்டனைத் தட்டி, அந்த ஒரு படத்தை மட்டும் காட்டியிருப்பாள். இன்று கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி முழுசாக மதினி கையில் கொடுத்தாள்.

"கடைசிப் படத்துல இருந்து பின்னால தள்ளிக்கிட்டே வாங்க, மதினி."

மாரீஸ்வரி பின்னால் தள்ளவே இல்லை. கடைசிப் படத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு கேமராவை வெல்லத் துண்டு மாதிரி முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, சின்னவர் வீட்டார் உட்கார்ந்திருந்த இடது பக்கத்திலிருந்து பெரியவர் வீட்டார் உட்கார்ந்திருந்த வலது பக்கத்துக்கு நடந்தாள். ஒன்பது வருசமாக எந்த விசேஷத்திலும் யாரும் கடக்காத எல்லை அது. நாற்காலி வரிசைகளில் பேச்சு அடங்கியது. ஜோதிலட்சுமிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவை அவள் மடியில் வைத்தாள். யுவராணி பின்னாலேயே ஓடி வந்து நின்றாள்.

ஜோதிலட்சுமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்குக் கை நடுங்குதாம். மருந்துக்கடைக்காரருதான் பதனமா விடுறாருன்னு நாலு மணிக்கொருக்கா கெளம்பிப் போவாக" என்றாள்.

"எங்க வீட்டுல நாலு மணிக்கொருக்கா மோட்டார் போடப் போறாக" என்றாள் மாரீஸ்வரி.

 பிறகு மாரீஸ்வரி குரல் இறங்கி, "எங்க ஆத்தா செத்தன்னைக்கு நீ தெருமுனையில நின்ன. நான் பாத்தேங்க்கா" என்றாள்.  ஜோதிலட்சுமி அவள் கையை எடுத்துத் தன் மடியில் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். யுவராணி மூக்கைச் சிந்தும் சாக்கில் திரும்பி நின்றாள். எடுக்க வேண்டிய படம்தான், கேமரா கையில் இல்லை.

ஜாஸ்பர் மைக்கில் தாய்மாமன் குடும்பங்களைக் கூப்பிட்டபோது, இரண்டு மதினிகளும் கைகோத்து மேடையேறினார்கள். முருகம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கேமரா மறுபடி யுவராணி கழுத்துக்கு வந்திருந்தது.

அண்ணன்மார் இருவரும் மேடைக்குக் கீழே ஆளுக்கொரு மூலையில் நின்று நடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல தேர்ச்சி. வேலுச்சாமி துண்டை உதறி, அவன் ஏறுகிற மேடையில் தன் செருப்புகூட ஏறாது என்றார். சுந்தர்ராஜ் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சொந்தக்காரர்கள் நாலு பேர் பெரியவர் கையையும் நாலு பேர் சின்னவர் கையையும் பிடித்துக் கெஞ்சினார்கள்.

ஜோதிலட்சுமி மேடையிலிருந்து குனிந்து, சாந்தமாகக் கேட்டாள்.

"ஏங்க, கண்ணு மருந்து பாட்டில கொழுந்தனாரு நல்லா மூடி வச்சிருக்காரா? சட்டையில கொட்டிறப் போகுது."

சுந்தர்ராஜின் கை அவரைக் கேட்காமலே சட்டைப் பைக்குப் போனது. தொட்டுப் பார்த்தது. அப்படியே நின்றது. வேலுச்சாமி ஆபரேஷன் செய்த கண்ணை மூடிக்கொண்டு, செய்யாத கண்ணால் தம்பியைப் பார்த்தார். யுவராணி அழுத்தினாள். இரண்டு கேமராவின் சத்தம் ஒன்றாகக் கேட்டது. ஜாஸ்பரும் சும்மா இல்லை.

மிச்சம் பந்தியில் வெளிவந்தது. இரண்டு பேரும் சமாதானமாகி ஆறு வருசம் ஆகிவிட்டதாம். மூன்றாம் வருசம் அதே மோட்டாரில் மறுபடி காயில் போனபோது, தூக்கிக்கொண்டு போக இன்னொரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. தேனியில் காயில் சுற்றிக் கொடுக்கும்வரை சேர்ந்து பரோட்டா தின்றார்கள். வரும் வழியில்தான் யோசித்தார்கள். பகை தீர்ந்ததென்றால் மனைவிமார்கள் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் உரமூட்டை வாங்குவதாகச் சொல்லிக் கிளம்பினால் உண்மையில் எங்கே போகிறார்கள் என்பது அரை மணியில் வெளிவந்துவிடும். போவது கேரள எல்லையிலிருக்கும் குமுளிக்கு. அங்கே ஷாப் என்று சொல்லும் ஒரு கள்ளுக்கடையில் கள்ளு, கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு, மீன்கறி.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டா எங்க பொழப்பு என்னாகுறது?" என்றார் வேலுச்சாமி, அதுவும் ஒரு நியாயம்போல.

மதினிகள் பாயசத்தை அப்பளத்தோடு பிசைந்தார்கள். ஒரே வேனில் ஊர் திரும்பினார்கள். அண்ணன்மார் மற்ற வேனில், காலிச் சீர்த்தட்டுகளோடு வந்தார்கள்.

யுவராணியின் படங்களுக்குக் குடும்பத்தில் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. கொட்டாவிப் படத்துக்காக முருகம்மாள் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. வாழைப்பழச் சித்தி இன்றுவரை அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறாள். ஜாஸ்பர் மட்டும் சட்டைப்பைப் படத்தைக் கேட்டு வாங்கி, சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர் போட்டு ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு வைத்தான்.

இரண்டு ஞாயிறு கழித்து மதினிகள் அவளைக் கூப்பிட்டார்கள். கம்பத்தில் பஸ் ஏறி மூவரும் குமுளிக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குச் சோறாக்கும் வேலை அண்ணன்மாரிடம் விடப்பட்டிருந்தது. ஷாப்பை வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து ஓட்டலில் கப்பையும் மீன்கறியும் சொன்னார்கள். படம் எடுக்கச் சொல்லி இருவரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல் விறைப்பாக உட்கார்ந்தார்கள்.

கொஞ்சம் இயல்பாக இருக்கச் சொன்னாள் யுவராணி.

"இப்பத்தானடி பழகுறோம்" என்றாள் ஜோதிலட்சுமி. மீன்கறி வந்தது. தலைத்துண்டு யாருக்கு என்பதில் இருவருக்கும் சண்டை வந்து, கடைசியில் அதை யுவராணி தின்றாள்.