இளையவள் ஒயின்

திராட்சைத் தோட்டத்து அக்கா தங்கையில் இளையவள் இறந்த வருஷம் போட்ட ஒயினைக் குடித்த எல்லோரும், அதன் புளிப்பு நாக்கை விட்டு இறங்கும்வரை, இடது காலை இழுத்து நடந்தார்கள். சிலருக்குப் பத்து நிமிஷம், சிலருக்கு அரை மணி. வலி கிடையாது.

இளையவள் நடை அப்படித்தான். எட்டு வயதில் பீப்பாய் அறை ஏணியிலிருந்து விழுந்தாள். கீழே ஏணியைப் பிடித்திருந்த மூத்தவள், யாரோ கூப்பிட்டது போலிருந்ததால் ஒரு கணம் திரும்பியிருந்தாள். அதைப் பற்றி இருவரும் முப்பத்தாறு வருஷம் வாய் திறக்கவில்லை. திராட்சையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பழம் கறுத்துத் தேனாக இனித்த பிறகே பறிக்க வேண்டும், ஒயின் என்றால் வாயில் கனமாக நிற்க வேண்டும் என்பாள் மூத்தவள். பத்து நாள் முன்னால் பறித்தால் மெலிசாக, வெடுக்கென்று, குதித்து ஓடுகிற மாதிரி ஒன்று வரும் என்பாள் இளையவள். "நடக்கவே முடியல, உனக்கு ஓடுற ஒயின் கேக்குதாக்கும்," என்று மூத்தவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். இளையவள் காலை இழுத்துக்கொண்டு கொடிகளுக்குள் போனாள். மறுநாள் காய்ச்சலில் படுத்து ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்த கையோடு மூத்தவள் ஆட்களைத் தோட்டத்தில் இறக்கினாள். "இன்னும் பத்து நாள் போகட்டுமேக்கா," என்றான் மேஸ்திரி. "அவ சொன்ன நாள் இதுதான்," என்றாள்.

வசந்தத்தில் ஒயின் வாங்கும் கம்பெனியிலிருந்து ருசி பார்ப்பவர் வந்தார். முப்பது வருஷமாக ஒயினைக் கொப்பளித்துத் துப்பியே பிழைத்தவர். கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்புக்கு அந்தப் பக்கம் அவர் விரல்கள் தெரிந்தன. ஒரு வாய் எடுத்ததும் புளியங்காய் கடித்தவர்போலக் கண்ணை இறுக்கினார். பிறகு துப்ப மறந்து விழுங்கினார். "உடம்பே இல்லீங்க இதுல," என்றார். "உயிர் மட்டும்தான் இருக்கு." எழுந்து, காலை இழுத்துக்கொண்டே வண்டிக்குப் போனார்.

இளையவளை நொண்டி என்று கூப்பிட்டவர்கள்தான் முதலில் குடிக்க வந்தார்கள். குடித்துவிட்டு வீடுவரை நொண்டிப் போனார்கள். இரண்டே வருஷத்தில் அந்தச் சொல் தெருவில் புழக்கத்திலிருந்து போய்விட்டது. மூத்தவள் மட்டும் ஒரு சொட்டும் தொடவில்லை. வாசலில் ஒரு காலடியும் ஓர் இழுப்புமாகச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை நிமிர்வாள். வருவது ஒரு கோப்பை குடித்துவிட்ட தபால்காரராக இருக்கும்.

நாலாம் வருஷம், கடைசிப் பீப்பாயும் பாதியானபோது, ஒரு நடுப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தாள். கன்னத்து உட்புறம் சுருங்கியது, வாய் ஊறியது. இடது காலைத் தயாராக வைத்து எழுந்து, அறையின் நீளத்துக்கும் நடந்தாள். கால் நேராகவே போனது. இன்னொரு கோப்பை குடித்தாள். அப்போதும் நேராகத்தான் நடந்தாள். ஊருக்கெல்லாம் கொடுத்ததை எனக்கு மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்து, கோப்பையைக் கழுவக் குனிந்தாள்.

அப்போது முதுகில் ஒரு கனம் ஏறியது. இரண்டு கைகள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. ஒரு மோவாய் வலது தோளில் வந்து பதிந்தது. ஏணியிலிருந்து விழுந்தபின் கால் ஊன்ற முடியாத இரண்டு வருஷமும் தங்கையைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தது மூத்தவள்தான். எட்டு வயதுப் பிள்ளையின் அந்தக் கனம் முதுகுக்கு உடனே தெரிந்தது. குழாயை நிறுத்தினாள்.

"அன்னிக்கு நான் திரும்பியிருக்கக் கூடாதுடி," என்றாள்.

கைகள் விலகவில்லை. புளிப்பு போன பிறகும் கனம் இறங்கவில்லை.

அதன்பின் பத்தொன்பது வருஷம் அவள் சற்று முன்சாய்ந்தே நடந்தாள். நிலைப்படிகளில் தேவைக்கு மேலேயே குனிந்தாள். தையல்காரி கேள்வி கேட்காமல் சட்டைகளுக்கு முதுகில் தாராளமாக விட்டுத் தைத்தாள். பறிப்புக் காலம் வந்தால் மூத்தவள் கொடிகளுக்கு நடுவே நின்று, தோளுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பி, இன்றா அடுத்த வாரமா என்று வெகுநேரம் வாதாடுவாள். ஆட்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டு, முடிவாகட்டும் என்று நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.