சம்மட்டி அக்கா வைத்த வெல்டு

தெருமுனையிலேயே அவள் பார்த்துவிட்டாள். பட்டறைச் சுவரில் நீல வெளிச்சம் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பட்டறையில் வெல்டிங் மெஷினைத் தொடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கையில் பெயிண்ட் டப்பாவோடு இதோ தெருவில் நிற்கிறாள். இன்னொருவன், அவள் புருஷன், நெஞ்சில் பெட்டியோடு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியவன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் கேட் ஒன்றைத் தூக்கும்போது அவன் அப்படியே சாய்ந்தான். இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கியதாம். பிழைத்ததே பெரிய விஷயம் என்று சொல்லி, டாக்டர் கழுத்தெலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டியை வைத்துத் தைத்தார். துடிப்பு தறிகெட்டால் அதுவே உள்ளுக்குள் ஷாக் கொடுத்து இழுத்துப் பிடிக்கும். வெல்டிங் பக்கம் மட்டும் போகக் கூடாது, அந்தக் கரண்டில் பெட்டி குழம்பிப்போகலாம் என்றார்.

அதுவரை கிரைண்டிங்கும் பெயிண்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து வெல்டர் ஆனாள். கூடவே ஊர் வம்புக்காரியும் ஆனாள். அழுதால் அவன் பயந்துவிடுவான் என்று அழவில்லை; அதற்குப் பதில் அடித்தாள். "அவருக்கு இன்னும் எத்தனை நாளாம்?" என்று கேட்ட மருந்துக்கடைக்காரனின் சட்டையைப் பிடித்துக் கிழித்தாள். கேட் அளவு தப்பென்று புருஷனிடம் குரலை உயர்த்திய ஒருவரைச் சம்மட்டியோடு தெருக்கோடி வரை விரட்டினாள். சம்மட்டி அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். விரட்டப்பட்டவர்கள் பைத்தியம் என்பார்கள். பைத்தியமெல்லாம் ஒன்றுமில்லை, பயம். பயந்தவள் கையில் நாலு கிலோ சம்மட்டி கிடைத்தால் அப்படித்தான் தெரியும்.

பெயிண்ட் டப்பா எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே பாய்ந்து மெயின் சுவிட்சை இறக்கினாள். முகமூடியை நிமிர்த்தி அவன் வாயைத் திறப்பதற்குள் சம்மட்டி மெஷின் மேல் இறங்கியது.

"என்னடி பண்ற!"

"சாகணும்னா சொல்லிட்டுச் சாவுய்யா! எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

முதல் அடியில் தகரம் நசுங்கியது. இரண்டாவதில் திருகாணிகள் தெறித்தன. மூன்றாவதில் செம்புச் சுருள் குடல் மாதிரி வெளியே சரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"எத்தனை நாளா நடக்குது?"

"நாலு மாசமா."

"நாலு மாசமா!" வெல்டிங் ராடு வைத்திருந்த வாளியை ஓர் உதை விட்டாள்.

"நீ வைக்கிற வெல்டு நிக்கலடி," என்றான் அவன். "மேல பாக்க அழகா இருக்கு, உள்ள பிடிக்கல. இது பள்ளிக்கூடத்து கேட். புள்ளைங்க ஏறி ஆடும். நீ கடைக்குப் போறப்பல்லாம் ஒவ்வொண்ணா திரும்ப வச்சேன்."

அது அவளுக்கு விழுந்த அடி. கை படிந்துவிட்டது பார்த்தீர்களா என்று எத்தனை தடவை அவனிடமே பீற்றியிருக்கிறாள்! ஸ்டூலில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினானே பாவி!

"பொய்!" என்று கத்திக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த கேட்டை அடித்தாள். அவன் முடித்திருந்த மூலை அசையவில்லை. அவன் இன்னும் தொடாத மூலை ஒரே அடியில் பிளந்தது. கம்பி தெறித்து அவள் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்க இறங்க மறுபடி ஓங்கினாள். அவன் பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தான்.

"போதும்டி! வேணும்னா என்னை அடி!"

அவள் கண்மண் தெரியாமல் திமிறினாள். முழங்கை அவன் விலாவில் இறங்கியது. இரண்டு பேரும் மூச்சிரைக்க மல்லுக்கு நின்றார்கள். திடீரென்று அவன் பிடி தளர்ந்தது. திரும்பித் தாங்கினாள். அவன் கண் மேலே செருகியது. அடுத்த நொடி அவன் உடம்பு தூக்கிப்போட்டது. அவள் இரண்டு கையிலும் சுரீரென்று ஏறியது. சேர்ந்தே தரையில் விழுந்தார்கள்.

கண் திறந்ததும் அவன் கேட்டான்: "உனக்கும் ஷாக் அடிச்சுதா?"

அவள் தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கருவியை வைத்துப் பெட்டியைப் படித்தார். அது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்குமாம். "வச்சதுலேருந்து இதுதான் முதல் ஷாக். பதினொண்ணே கால் மணி. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கேட் தூக்கினேன்," என்றான் அவன்.

"இல்ல டாக்டர். நான் அவரை அடிச்சுட்டிருந்தேன்." வெல்டிங்கையும் மறைக்காமல் சொன்னாள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெல்டிங்ல எதுவும் ஆகாதது உங்க அதிர்ஷ்டம். இனிமே கூடாது. சண்டையும்தான்."

வெளியே பெஞ்சில், நெற்றித் தையலோடு அவள் சொன்னாள்: "நாலு மாசம் அந்த மெஷின் பண்ணாததை நான் கால் மணி நேரத்துல பண்ணிட்டேன். பயமா இருக்குங்க." ஆறு மாதத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.

"எனக்கும்தான்," என்றான் அவன்.

வேறு மெஷின் வந்தது. அவனுடைய ஸ்டூல் தெருவின் எதிர்ப்பக்கச் சுவரோரம் போனது, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி. பார்க்க வேண்டியதில்லை, சத்தமே அவனுக்குப் போதும். "ராடு தூரமாப் போகுது, கிட்ட கொண்டா... ஓடாதே, நின்னு நகரு," என்று தெருவைத் தாண்டிக் கத்துவான். வைத்த ஒவ்வொன்றையும் அவள் சம்மட்டியால் அடித்துப் பார்ப்பாள். உடையும். மூன்று வாரம் உடைந்துகொண்டேதான் இருந்தது.

கடைசியில், பள்ளிக்கூடத்து கேட்டின், அன்று பிளந்த அதே மூலை. ஓங்கி அடித்தாள். இன்னொன்று. மருந்துக்கடைக்காரனை, அந்தப் பெட்டியை, தன்னை, எல்லாரையும் நினைத்து அடித்தாள். கம்பி வளைந்தது. வெல்டு நின்றது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"உடையலைங்க."

சம்மட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தெருவே திரும்பிப் பார்க்க, ஓவென்று அழுதாள்.

எதிர்ப்பக்கம் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"மெயினை இறக்கு," என்றான். "நான் வரேன்."