எஞ்சின் ஆறும்வரை

தாய்மாமன் ஜெயகாந்தனின் காரை வாங்கப் போகுமுன் வினோதா அவரிடம் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க மாமா." அவரும் சரியென்றுதான் சொன்னார். ஆனால் ஞாயிறு காலை ஏழரைக்கு அவளும் அப்பா அழகுமுத்துவும் மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டிறங்கி மாமன் வீட்டு ஏற்றத்தில் நடக்கும்போது, அந்தச் சிவப்பு டர்போ கார் உறுமிக்கொண்டு அவர்களைத் தாண்டி ஏறியது. கார் வாசலில் நின்ற மறுகணமே மாமன் சாவியைத் திருப்பி அணைத்தார். பொனட்டில் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம்.

"கோயில்ல பூஜ போட்டுட்டு வாரேன். சொந்தத்துக்குக் குடுக்கிற வண்டிய சும்மா குடுக்கலாமா?"

பூஜை வினோதாவுக்கும் பிடிக்கும். மலையேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்த டர்போவை, எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கிற அந்த விசிறியை, ஒரு நிமிடம் ஓடவிடாமல் அணைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஹட்டனில் றுமைஸ் நானாவின் வாகன உதிரிப்பாகக் கடையில் ஆறு வருடமாக நிற்கிறவள் அவள். பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் இந்தப் பக்கத்துச் சாரதிகள் பழகிக்கொண்ட சிக்கனம் இது. ஏறி முடிந்ததும் பட்டென்று அணைத்தால், சூடு தணியாத டர்போவுக்குள் எண்ணெய் அப்படியே கருகும். கருகியதற்கு மாற்று வாங்க வருகிறவர்களின் முகத்தை அவள் வாராவாரம் பார்க்கிறாள்.

அப்பாவின் கையில் தாம்பூலத் தட்டு. அதில் வெற்றிலை பாக்கோடு, முப்பத்தெட்டு வருடம் தேயிலை ஃபேக்டரியில் உழைத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம். இன்னொரு தடவை வராத பணம். இந்தக் காரை ஹட்டன் ஸ்டேஷனில் வாடகை ஹயருக்கு ஓட்டி, அப்பாவையும் அம்மாவையும் தோட்டத்து லயத்து அறையிலிருந்து ஒரு சொந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்பது வினோதாவின் நினைப்பு. கார் படுத்தால் எல்லாமே படுத்துவிடும்.

"எட்டரையோட நல்ல நேரம் முடியுது," என்று அப்பா சட்டைப்பையிலிருந்த நாட்காட்டித் தாளை எடுத்துப் பார்த்தார்.

வினோதா பொனட்டில் உள்ளங்கையை வைத்தாள். தோசைக்கல் மாதிரி கொதித்தது. "எஞ்சின் ஆறட்டும் மாமா. ஆறின பொறகு நான் ஸ்டார்ட் பண்றேன், அப்பத்தான் கோளாறு இருந்தாத் தெரியும்."

"அதுக்கு மத்தியானம் ஆயிருமே புள்ள."

"இருக்கேன்."

மாமன் முகம் சுருங்கியது. "ஒங்க அம்மா கூடப் பொறந்தவன் நான். என் மேலயே சந்தேகமா?"

"ஒங்க மேல இல்ல மாமா. டர்போ மேல."

மாமன் மனைவி ராக்காயி அடுப்படியிலிருந்து பேசினாள், நல்ல நீளமாக. வினோதா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டு இருபதுக்கு எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"புள்ள சொல்றாப்ல ஆறட்டும்," என்றார்.

நல்ல நேரம் பார்க்காமல் முடிகூட வெட்டாத மனுஷன்.

பதினொன்றரைக்குப் பொனட் குளிர்ந்தது. வினோதா காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் விசிறித் தண்டை விரலால் அசைத்தாள். ஆடுகிற பல் மாதிரி ஆடியது. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தாள். பின்னால் குப்பென்று புகை கிளம்பி, ராக்காயி காயப்போட்டிருந்த துணிகளுக்குள் புகுந்தது.

"மலைக் குளிருக்கு எல்லா வண்டியும் பொகைக்கும்," என்றார் மாமன். "அதுக்குத்தான் நான் நெதமும் சூடாக்கிட்டு எடுக்கிறது."

"குளிருக்கு வர்றது வெள்ளப் பொக, ஒடனே கலைஞ்சிரும். இது நீலம் மாமா. எண்ணெய் எரியுது."

மாமன் பொய்க்காரர் இல்லையென்று அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் குளிரின் மேல் பழி போட்டு, அதைத் தானும் நம்பியிருக்கிறார்.

"டர்போவ மாத்துங்க. ஏறி வந்தா ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைங்க. பொறகு கூப்பிடுங்க. ராகு காலத்துல கூப்பிட்டாலும் வாரேன்."

தம்பியைத் தலைகுனிய வைத்ததற்காக அம்மா பேச்சியம்மா இரண்டு வாரம் மகளோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். வினோதா அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சொன்னதிலிருந்து இறங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு விடிந்ததும் தொலைபேசி அடித்தது. "மாத்தியாச்சு," என்றார் மாமன். "நேத்து மத்தியானத்துல இருந்து வண்டியத் தொடல. பூஜகூடப் போடல. வந்து பாரு."

கார் பனியில் நனைந்து நின்றது. பொனட்டில் வைத்த கை சில்லிட்டது. வினோதா ஸ்டார்ட் செய்தாள். மாமன் பின்னால் போய்க் குனிந்து, புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. அப்பா, மாமன், ராக்காயி மூவரையும் ஏற்றிக்கொண்டு கீழே கடைத்தெருவரை போய்த் திரும்பினாள். வீட்டு ஏற்றத்தில் கார் தயங்காமல் ஏறியது. வாசலில் நிறுத்திச் சாவியில் கை வைத்தாள்.

"இரு புள்ள," என்று மாமன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் ஆகட்டும்."

அந்த ஒரு நிமிடமும் எஞ்சின் ஓடியது. பிறகு வினோதா அணைத்தாள். அப்பா தட்டை எடுத்து மாமனிடம் நீட்டினார். நாட்காட்டித் தாளை அன்று அவர் கொண்டுவரவேயில்லை.