செனைதா வீட்டுக் கித்தான்கள்

செனைதாவின் கூடத்தில் மாட்டியிருந்த முப்பத்தொரு படங்களை வரைந்தவர்கள் அத்தனை பேரும் மத்தான்ஸாஸை விட்டுப் போய்விட்டார்கள். படங்கள் மட்டும் தம்பாட்டுக்கு வரையப்பட்டுக்கொண்டே இருந்தன. அவள் அதை முதலில் கவனித்தது 1980 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பங்கீட்டுக் கடை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது. ரெமிஹியோ என்ற பையன் பாதியில் விட்டுப்போன பாலத்துக்கு அடியில், அதுவரை வெறுங்கித்தானாகக் கிடந்த இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு நீலம் ஓடியிருந்தது. தொட்டுப் பார்த்தாள், ஈரம். மோந்து பார்த்தாள், டர்பன்டைன். இருபது வருடமாக ஓவியப் பள்ளியின் சாமான் அறையைக் கட்டிக் காத்தவள் அவள். கித்தான், தூரிகை, சாயம் எதுவானாலும் அவள் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். ரஷ்யாவிலிருந்து வந்த நீலமாக இருந்தால் காய்வதற்குள் பச்சையடித்துவிடும். இது பச்சையடிக்கவில்லை. "பாவிப்பய, நல்ல நீலமா வாங்கியிருக்கான்" என்று சொல்லிவிட்டு மறுபடி அரிசியில் குனிந்தாள்.

அந்த வருடம் வசந்தத்தில் படகு விட்டிருந்தார்கள். நாட்டைவிட்டுப் போக நினைப்பவன் போகலாம், ஆனால் உடுத்திய துணியைத் தவிர ஒன்றையும் எடுத்துப்போகக் கூடாது என்று உத்தரவு. பள்ளியில் படித்த பையன்களும் பெண்களும் படுக்கை விரிப்பில் சுற்றிய கித்தானோடு ஒவ்வொருவராக அவள் வாசலில் வந்து நின்றார்கள். "அக்கா, இத வச்சிரு, வந்து முடிச்சிடறேன்" என்று எல்லோரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். முடிந்த படங்களை வாங்கி வைக்க அம்மாவோ காதலியோ இருந்தார்கள். பாதிப் படத்துக்குத்தான் நாதியில்லை, அதனால் செனைதா பாதிப் படங்களாகவே சேர்த்தாள். முப்பத்தொன்றாவது அவளுடைய தங்கை பெர்லாவினுடையது. மேசைக்கு எதிரும் புதிருமாக அக்காவும் தங்கையும், எல்லாம் கரிக்கோடு, மேசைமேல் கிடந்த செனைதாவின் வலது கைக்கு மட்டும் நிறம் ஏறியிருந்தது. அதற்குமேல் ஏறாததற்குக் காரணம் சண்டை. படகுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று பெர்லா வரைந்துகொண்டே சொன்னாள். இவளுக்கு வந்த ஆத்திரத்தில், "போடி, போ! நீ செத்த சேதிகூட எனக்கு வரக்கூடாது!" என்று கத்திவிட்டாள். பெர்லா சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவள். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்தச் சேதியும் வரவில்லை.

தங்கை போன குற்றத்துக்கு அக்கா வீட்டில் முட்டை வீசினார்கள். அந்த வருடம் ஊர் வழக்கம் அது. தெருக் குழுவின் தலைவி தீக்னா முன்னால் நின்று, "புழு! புழு வீடு!" என்று முழக்கம் போட, பின்னால் நாற்பது பேர். நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்கு அப்போது புழு என்று பெயர். செனைதா ஜன்னலைத் திறந்து, "தீக்னா, உனக்கு மாசத்துக்குக் கிடைக்கறது பத்து முட்டை. ரெண்ட என் கதவுல உடைச்சிட்ட. மிச்ச நாளைக்குப் பேரனுக்கு முழக்கத்தயா பொரிச்சுக் குடுப்ப?" என்று கேட்டாள். தீக்னா கையிலிருந்த மூன்றாவது முட்டையைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். அதை கவுன் பையில் போட்டுக்கொண்டு, முழக்கத்தை மட்டும் தொடர்ந்தாள்.

படங்கள் தாமாக நிறைவதைப் பார்த்த செனைதா, ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் சோப்புப் பெட்டி அட்டை ஒன்றைக் குத்தி, என்ன தேதியில் என்ன நிறம் வந்தது என்று எழுதினாள். கடிதம் நாலு மாதம், ஐந்து மாதம் என்று இழுத்த காலம் அது. பெற்றவர்கள் சுவரைப் பார்த்துத்தான் பிள்ளைகளின் நிலவரம் தெரிந்துகொண்டார்கள். ஒருத்தி மகனுடைய படத்தில் சாம்பல் நிறம் கூடிக்கொண்டே போவதைப் பார்த்து, வேலை போய்விட்டது என்று அழுதாள். அடுத்த வாரம் அதே மூலையில் ஆரஞ்சு வரவே, "பொண்ணு யாரோ மாட்டியிருக்கா, அழாத" என்று மற்றவர்கள் தேற்றினார்கள். பிறகு வந்த கடிதத்தில் இரண்டும் சரியாக இருந்தன. தீக்னா முதல் வாரம் உளவு பார்க்க வந்தாள், இரண்டாம் வாரம் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்தாள். பெர்லாவின் படத்தை மட்டும் எல்லோரும் கடைசியில் பார்த்தார்கள். செனைதா வாரந்தவறாமல் அந்த அட்டையில் 'மாற்றம் இல்லை' என்று எழுதினாள். உயிரோடு இருக்கிறாளா, படகோடு மூழ்கிவிட்டாளா? ஆறு வருடமும் அவளைத் தின்றது இந்த ஒரு கேள்விதான், வெளியில் சொல்லமாட்டாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. ஹயலியாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் தூரிகையைக் கித்தானில் வைத்தால் சாயம் மறைந்துபோயிற்று. குப்பி குப்பியாகத் தீர்ந்தது, கித்தான் வெள்ளையாகவே நின்றது. ஒருவன் மருத்துவரிடம் போனான், இன்னொருவன் டயர் விற்கப் போனான். விஷயத்தைப் புரிந்துகொண்டவன் பௌதிலியோ. செனைதாவின் முன்னாள் கணவன், பத்து வருடம் முன்பே போனவன், அங்கே காப்பிக் கடை வைத்திருந்தான். தொலைபேசி இணைப்புக்காக நாலு மணி நேரம் காத்திருந்து செனைதா நடந்ததைச் சொன்னதும், பெர்லாவைத் தவிர மற்ற முப்பது பேரையும் தேடிப் பிடித்து முப்பது வெள்ளைக் கித்தானையும் வாங்கி, கடைச் சுவரில் மாட்டி, கீழே சீட்டு ஒட்டினான்: வரைந்தவர் பெயர், படத்தின் பெயர், 'பார்க்க விரும்புவோர் மத்தான்ஸாஸ், வெர்சாயெஸ் பேட்டை, செனைதா வீட்டுக்குச் செல்லவும், ஞாயிறு பத்து மணி முதல்.' விட்டுவந்த நாட்டின் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டோம் என்று சபதம் செய்திருந்த வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். கம்யூனிஸ்ட் என்று திட்டிக் கண்ணாடியை உடைத்தார்கள். இங்கே, போனவர்களின் படத்தை மாட்டியதால் அவள் புழு; அங்கே, இங்கிருப்பவளின் விலாசத்தை எழுதியதால் அவன் கம்யூனிஸ்ட். இரண்டு பேரும் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை.

"எனக்கு இதோட எட்டு கண்ணாடி போச்சு, கிழவி" என்பான் தொலைபேசியில்.

"எனக்கு அறுபது முட்டை. புலம்பாத. பெர்லா?"

"யாரும் பாக்கலியாம். தாம்பா வரைக்கும் விசாரிச்சுட்டேன்."

1986இல் ஹயலியாவிலிருந்து உறவினரைப் பார்க்க வந்த இரண்டு வயதான பெண்கள், சீட்டில் இருந்த விலாசத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து, போயும் போயும் ஒரு போலீஸ்காரரிடம் வழி கேட்டார்கள். அடுத்த வாரமே கலாசாரக் காரியாலயத்திலிருந்து ரொசபால் வந்தார். நல்ல மனிதர், அதிகம் வியர்ப்பவர். படித்தது சர்க்கரை ஆலை நிர்வாகம். ஓவியம் அவர் தலையில் மேலிடம் கட்டியது. கூடவே இரண்டு ஆட்களும் ஒரு தொட்டி சுண்ணாம்பும்.

"தோழர் செனைதா, இந்த முப்பத்தொரு பேரும் நம்ம பட்டியல்ல இல்ல. இல்லாதவங்க வரைஞ்ச படம் எப்படி இருக்க முடியும்?"

"ஆறு வருஷமா நானும் அதான் யோசிக்கறேன், தோழர். இருந்து தொலைக்குதே!"

கித்தான் பள்ளியின் சொத்து, அதைக் கிழிக்க விதியில் இடமில்லை. படம்தான் யாருடையதும் இல்லை. ஆகவே படத்தை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, லாரி வரும்போது கித்தானைப் பள்ளிக்குத் திருப்பி எடுத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. செனைதா தங்கையின் கித்தானைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்களுக்கு ஹயலியாவில் ஆள் இருக்கிறார்கள்; பெர்லா உயிரோடு இருந்தால் அவள் வந்து சேர வேறு கதவே கிடையாது. ஆனால் அழுதால் வேலைக்கு ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். சுண்ணாம்புத் தொட்டிக்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயா பூசப் போறீங்க? மூணு மாசத்துல கித்தான் பொரிஞ்சு பொடியா கொட்டும். பள்ளிக்கூடச் சொத்து, கையெழுத்து உங்களுது. எனக்கென்ன!" என்றாள்.

ரொசபாலுக்கு வியர்த்தது. "பின்ன என்னதான் பூசணும்கிற?"

"துத்தநாக வெள்ளை, வஜ்ஜிரப் பசை, உப்புத்தாள். நடுவுல தேய்ச்சுத் தேய்ச்சு மூணு பூச்சு. சாமானக் குடுங்க, நானே பூசறேன்."

ஓவியப் பள்ளியில் முதல் வாரம் உட்கார்ந்து எழுந்தவனுக்குக்கூடத் தெரியும், அது படத்தை ஒழிக்கிற வேலை இல்லை, புதுப் படத்துக்குக் கித்தானைத் தயார் செய்கிற வேலை என்று. சர்க்கரை ஆலை படித்தவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருடமாகப் பள்ளிக்கே ஒரு பொட்டு வெள்ளை வராத ஊரில், பன்னிரண்டு கிலோ துத்தநாக வெள்ளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செனைதா ஒன்பது நாள் பூசினாள். பெர்லா வரைந்த தன் கைமேல் தன் கையாலேயே பூசும்போது மட்டும் உட்கார்ந்துவிட்டாள், ஒப்பாரி வைத்தே அழுதாள். பிறகு எழுந்து, மூன்றாவது பூச்சையும் ஒழுங்காகப் பூசினாள்.

பூசி முடித்த நான்காம் நாள் ரெமிஹியோவின் நீலம் வந்தது. மாதம் முடிவதற்குள் முப்பது கித்தானிலும் புதுப் படங்கள் கிளம்பின. பழைய படங்களும் எங்கும் போய்விடவில்லை. வெள்ளைக்கு அடியில் மறைந்தவை ஹயலியாவில், காப்பிக் கடைச் சுவரில், அதே முப்பது கித்தானில் எழுந்து நின்றன. முத்திரை இல்லாமல் ஒரு படம்கூட நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று காவல் இருந்த ரொசபால், கப்பல் இல்லாமல், முத்திரை இல்லாமல், தன் சொந்தக் கையெழுத்தில் முப்பது படங்களை அனுப்பி வைத்திருந்தார். கண்ணாடி உடைத்தவர்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்ததாகவும், அதில் ஒருவர் படத்தில் தன் அம்மாவின் வாசற்படியைக் கண்டுபிடித்து மாலைவரை எழுந்திருக்கவே இல்லை என்றும் பௌதிலியோ சொன்னான். பெர்லாவின் கித்தான் மட்டும் இங்கே வெள்ளையாகவே இருந்தது. அங்கே அவளைப் பற்றிப் பேச்சே இல்லை.

லாரிக்கு நவம்பரில்தான் பெட்ரோல் கிடைத்தது, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரொசபால் உள்ளே வந்தபோது கூடம் நிறைய ஆட்கள். அவர் கையிலிருந்த பட்டியலில் 'வெள்ளைக் கித்தான், முப்பத்தொன்று' என்று இருந்தது. சுவரில் பாலம், மாமரம், பனி, கப்பல், ஒரு நாய். அவர் முதல் படத்தில் விரலை வைத்தார், நீலம் ஒட்டியது. ஈரமான பொருளை லாரியில் ஏற்றக் கூடாது என்பது விதி, ஆகவே 'காயவில்லை' என்று எழுதினார். இப்படியே முப்பதுக்கும் எழுதிவிட்டு முப்பத்தொன்றாவதைத் தொட்டார். எலும்புபோல் காய்ந்திருந்தது.

"இத இறக்குங்க" என்றார்.

தீக்னா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கித்தானுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "தெருக் குழுத் தலைவி உக்காந்திருக்கேன். எங்க, இறக்கு பாப்போம்."

"தோழர், நீங்களுமா?"

"நானுந்தான். முட்டை அடிச்சவளுக்கு இங்க உக்கார உரிமை இல்லியா?"

செனைதா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. கித்தானைப் பார்த்து, ஊரே கேட்கும்படி பேசினாள். "அடியே பெர்லா! அன்னிக்கு நான் சொன்னது தப்பு. தப்புதான், இத்தனை பேர் முன்னால சொல்றேன். ஆனா ஆறு வருஷம் வாயத் திறக்காம கெடக்கியே, அது என் தப்பவிடப் பெருசு. உனக்குப் படம் வேண்டாமா, வேண்டாம். என் மூஞ்சியே வேண்டாமா, வேண்டாம். உசுரோட இருக்கேன்னு ஒரு கோடு போடக் கையில்லியா உனக்கு? அக்காவத் திட்டவாவது வாடி!"

லாரி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். தீக்னாவின் தலைக்கு மேலே, கித்தானின் நடுவில், சிவப்பு கிளம்பியது. மேலுதடு, கீழுதடு, இடைவெளி விழுந்த முன்பற்கள். பெர்லாவின் வாய்தான், எட்டு வயதில் பாலத்திலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட அதே பற்கள். அகலமாகத் திறந்து, நடுச்சண்டையில் நிற்கிற வாய். ரொசபால் தீக்னாவைச் சுற்றிக்கொண்டு போய்க் கீழுதட்டில் விரலை வைத்தார். சிவப்பு ஒட்டியது. கால்சட்டையில் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. பட்டியலை உள்ளங்கையில் வைத்து, முப்பத்தொன்றாவது வரியிலும் 'காயவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, செனைதா கொடுத்த, பங்கீட்டுக் கடையின் பட்டாணி கலந்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு காரியாலயத்திலிருந்து வருடம் ஒருமுறை யாராவது வந்து, ஒவ்வொரு படத்திலும் விரல் வைத்துப் பார்த்து, 'காயவில்லை' என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். லாரி வருவதில்லை. பெர்லாவின் கித்தானில் இரண்டு வருடமாகியும் அந்த வாய் மட்டும்தான் இருந்தது. கண் இல்லையே, மூக்கு இல்லையே என்று ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வருத்தப்பட்டால் செனைதாவுக்குக் கோபம் வந்துவிடும். "இருக்கறது போதும். சண்டை போடக் கண்ணும் மூக்கும் எதுக்கு?" என்பாள். தினமும் காலையில், காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போதே அந்த வாயோடு சண்டையை ஆரம்பித்துவிடுவாள்.